ஒரே வீதியில் இரண்டு ஆலயங்கள்: தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயம் – ஒரு நிகழ்வு ஆய்வு

தரங்கம்பாடியின் நகர வாயிலைத் தாண்டி உள்ளே வந்தால், ராஜ வீதி நேரே கடலைப் பார்த்துப் போகிறது. ஐந்து நிமிடம் நடந்தால் அலைச் சத்தம் கேட்கும். அந்தச் சின்ன வீதியில் ஒன்றுக்கொன்று அருகிலேயே இரண்டு பழைய ஆலயங்கள் இருக்கின்றன. ஒன்று 1701-இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயம். மற்றொன்று 1718-இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம். இரண்டும் புராட்டஸ்டண்ட் ஆலயங்கள். இரண்டும் ஒரே டேனிஷ் ஆட்சியின் கீழ், 17 வருட இடைவெளியில் எழுந்தவை.

இவ்வளவு சின்ன ஊரில், கூப்பிடு தூரத்தில், இரண்டாவதாக ஒன்று எதற்கு? இந்த ஆலயத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும். சீயோன் டேனியர்களுக்காகக் கட்டிய ஆலயம். அதிகாரிகளும் வணிகர்களும் சிப்பாய்களும் தங்கள் மொழியில் ஆராதனை செய்த இடம். புதிய எருசலேம் தமிழ்ச் சபைக்காகக் கட்டியது. யாருக்கு எங்கே இடம் என்பதுதான் இந்தக் கட்டடத்தின் கதை. அது கட்டுவதற்கு முன்பே ஆரம்பித்து, கட்டி முடித்த பிறகும் ஆலயத்துக்குள்ளேயே தொடர்ந்த கதை.

முதலில் ஒரு தவறைச் சரி செய்துவிடலாம். பயணக் குறிப்புகளில் பலர் இதை "இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் ஆலயம்" என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியன்னை ஆலயம் 1680-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எதிரே நிற்கும் சீயோன்கூட இதைவிட மூத்தது. தமிழில் புராட்டஸ்டண்ட் பிரசங்கம் என்று பார்த்தாலும், டச்சுக்காரர் காலத்து யாழ்ப்பாணத்தில் 17-ஆம் நூற்றாண்டிலேயே அது நடந்திருக்கிறது. "முதல்" என்ற பட்டம் இல்லாமலேயே இந்த ஆலயத்துக்குப் பெருமை போதுமான அளவு இருக்கிறது. பட்டத்தைத் தேடி ஓடுகிறவர்கள் அந்தப் பெருமை எங்கே இருக்கிறது என்பதைத் தவறவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஊரின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேனியர்கள் வருவதற்கு முன்பே இது பேர்பெற்ற துறைமுகம். கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலை 1306-இல் பாண்டிய மன்னர் மாறவர்மன் குலசேகரர் கட்டினார். 1620 நவம்பரில் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு ஓவே கெட்டே என்ற டேனியத் தளபதி உடன்படிக்கை செய்துகொண்டார். கோட்டை எழுந்தது, மதில் எழுந்தது, மிளகு வணிகம் நடந்தது. அடுத்த 200 வருடத்துக்கும் மேலாக டேனியர் வசம் இருந்த ஊர், 1845-இல் வங்காளத்தில் இருந்த டேனியர் ஊரான செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது.

ஆலயத்தின் கதை 1706 ஜூலை 9-இல் தொடங்குகிறது. அன்று 'சோபியா ஹெட்விக்' என்ற கப்பலில் இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பார்த்தலோமேயு சீகன்பால்க், சாக்சனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊர்க்காரர். மறுநாள்தான் அவருக்கு 24 வயது நிரம்பியது. மற்றவர் ஹென்ரிக் புளூட்சோ. அவர்களை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக். ஊரை நடத்திவந்த டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இதில் கொஞ்சமும் விருப்பம் இல்லை. வியாபாரம் நடக்கிற ஊரில் மதப் பிரச்சாரம் வந்தால் வம்புதான் வரும் என்பது அவர்கள் கணக்கு. ஆளுநர் ஹாசியஸ் இருவரையும் வெகுநேரம் காக்க வைத்தார், கடுமையாகப் பேசினார், அப்புறம் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனார். மன்னரின் கடிதம் கையில் இருந்தும், தங்க ஓர் இடம் இல்லாமல்தான் அவர்களுடைய முதல் நாள் முடிந்தது.

இந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதில் விளங்கும். மன்னர் ஒரு பக்கம், மன்னரின் பெயரில் ஊரை ஆளும் கம்பெனி இன்னொரு பக்கம். இந்த இழுபறிக்கு நடுவில்தான் ஆலயம் எழுந்தது.

வந்த சில மாதங்களில் சீகன்பால்க் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளூர் வாத்தியார் ஒருவரைத் தங்கள் வீட்டிலேயே திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னார்கள். வாத்தியார் வந்தார், பிள்ளைகளும் வந்தார்கள். பிள்ளைகளோடு பிள்ளைகளாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார்கள் இரண்டு பாதிரிகளும். எழுத்து கைக்கு வந்தது, பொருள் விளங்கவில்லை. அதன்பிறகு அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரின் துணை கிடைத்தது. இரண்டு வருடத்துக்குள் சீகன்பால்க் தமிழ் ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியலே 1708-இல் எழுதினார்.

1707 மே 12-இல் முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றவர்கள் ஐந்து பேர். ஐவரும் டேனியர் வீடுகளில் இருந்த அடிமைகள். சடங்கு நடந்தது சீயோன் ஆலயத்தில். எஜமான்கள் உட்கார்ந்து ஜெபிக்கும் அதே கூரையின் கீழ் அடிமைகள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் ஞாயிறுதோறும் தமிழிலும் போர்த்துக்கீசிலும் ஆராதனை நடத்த அவர்களுக்கென்று ஓர் இடம் வேண்டியிருந்தது. சீகன்பால்க் தாமதிக்கவில்லை. கையில் இருந்த சொற்பப் பணத்தைப் போட்டு ஒரு சின்ன ஆலயம் கட்டி, அதே வருடம் ஆகஸ்ட் 14-இல் பிரதிஷ்டை செய்தார். அதற்கு வைத்த பெயர் எருசலேம். இன்று நாம் பார்க்கும் ஆலயத்தின் பெயரில் "புதிய" என்ற சொல் இருப்பது இதனால்தான்.

கம்பெனி இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1708-இல் ஒரு கடன் வழக்கில், இறந்துபோன நாவிதர் ஒருவரின் மனைவிக்காக சீகன்பால்க் பரிந்து பேசினார். எதிர்த்தரப்பில் இருந்தவர் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர். பேச்சு முற்றி, ஆளுநர் சீகன்பால்கைக் கோட்டைச் சிறையில் அடைத்துவிட்டார். நான்கு மாதம். ஆரம்பத்தில் எழுதக் காகிதமும் பேனாவும்கூடக் கொடுக்கவில்லை. விதவை ஒருத்திக்காக வாய் திறந்ததற்குக் கிடைத்த தண்டனை இது. தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கோட்டைக்குள் நுழையும்போது பீரங்கிகளைப் பார்க்கிறார்கள், கடலைப் பார்க்கிறார்கள். இந்த நான்கு மாதத்தையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

வெளியே வந்த பிறகு நடந்தது தமிழ் அச்சு வரலாற்றில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி, அதனால் விரைவாகச் சொல்கிறேன். 1711 மார்ச்சில் புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு முடிந்தது. லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகளும் வந்தன. ஹாலே எழுத்துகள் அளவில் பெரியவை. அவற்றை வைத்து முழுப் புத்தகத்தையும் அச்சடித்தால் கையிருப்புக் காகிதம் போதாது. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கித்தான் அதைச் செய்தார்கள் என்று சொல்வார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறை வைத்தார்கள். இன்றும் அங்கே "கடுதாசிப் பட்டறை" என்று ஒரு இடத்துக்குப் பெயர் இருக்கிறது. பட்டறை போன பிறகும் பெயர் போகவில்லை.

அச்சடித்த வேதம் கையில் வந்தது, சபை பெருகியது, பழைய சின்ன ஆலயம் போதவில்லை. 1714-இல் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குப் போய் மன்னரைச் சந்தித்தார், இங்கிலாந்தில் முதலாம் ஜார்ஜ் மன்னரையும் சந்தித்தார். மரியா டோரோதியா என்ற பெண்ணை மணந்துகொண்டு 1716-இல் திரும்பி வந்தார். அதற்குள் ஊரில் ஆளுநர் மாறியிருந்தார். புதியவர் கிறிஸ்டியன் புருன், மிஷனுக்கு அனுகூலமானவர். காற்று திசை மாறியதும் வேலை வேகமெடுத்தது. 1717 பிப்ரவரி 9-இல் அடிக்கல் நாட்டினார்கள். இருபதே மாதத்தில் கட்டி முடித்து, 1718 அக்டோபர் 11-இல் பிரதிஷ்டை செய்தார்கள்.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். அக்டோபர் 11 நான்காம் ஃபிரெடரிக்கின் பிறந்தநாள். ஆலயத்தின் முகப்பில் கிரீடமும், அதன் கீழே மன்னரின் பெயரெழுத்தும், 1718 என்ற ஆண்டும் புடைப்பாகச் செய்யப்பட்டிருக்கின்றன. வீதியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். அரச விசுவாசத்துக்காக வைத்த அலங்காரம் என்று இதைக் கடந்துபோகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் இதே ஊரின் ஆளுநர் இதே பாதிரியைச் சிறையில் தள்ளியவர். கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கம்பெனி அதிகாரிகள் தினமும் நடந்துபோகும் வீதியில், தமிழர்கள் கூடும் ஒரு கட்டடத்தின் நெற்றியில் மன்னரின் கிரீடம் பதிந்திருந்தால், நாளைக்கு எந்த ஆளுநர் வந்தாலும் அதன் மேல் கை வைக்க யோசிப்பார். அந்தச் சுதைக் கிரீடம் ஒரு காவல் என்பது என் கணிப்பு.

கட்டடம் சிலுவை வடிவம். நான்கு கைகளும் நடுவில் ஒன்று சேர்கின்றன. செங்கல்லும் சுண்ணாம்பும்தான் பொருள். மேலே வளைவுக் கூரை. சுவர்கள் நல்ல கனம். வெளியே கொளுத்துகிற வெயிலில் இருந்து உள்ளே காலெடுத்து வைத்ததும் ஒரு குளிர்ச்சி தெரியும். வடிவம் ஐரோப்பாவுடையது, கைவேலை நம் ஊர்க் கொத்தனார்களுடையது. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆலயத்தைச் சுற்றி டேனியர், ஜெர்மானியர் கல்லறைகள் இருக்கின்றன. சில கற்களில் எழுத்து கடல் காற்றில் தேய்ந்து, விரலால் தடவினால்தான் பிடிபடும் நிலையில் இருக்கிறது.

இப்படி ஒரு கட்டடம் கட்டியதே தவறு என்று சொன்னவரும் உண்டு. அவர் எதிரியல்ல, சொந்த முகாமைச் சேர்ந்தவர். கோபன்ஹேகனில் மிஷன் நிர்வாகக் குழுவின் செயலாளராக இருந்த கிறிஸ்டியன் வெண்ட் என்பவர், அப்போஸ்தலர்களைப் போல மிஷனரிகள் வெறுங்கையோடு ஊர் ஊராக நடந்து உபதேசிக்க வேண்டும் என்று நினைத்தார். கட்டடம், பள்ளிக்கூடம், வீடு, குடும்பம் எல்லாம் அவர் பார்வையில் வீண் செலவு. தரங்கம்பாடிக்குக் கடுமையான கடிதங்கள் எழுதினார்.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கட்டடம் கட்டினால் அதைக் காப்பாற்றப் பணம் வேண்டும், பணம் வந்தால் அதிகாரம் வரும், அதிகாரம் வந்தால் சண்டை வரும். எந்தச் சபையிலும் இது நடக்கிறதுதான். ஆனாலும் இந்த ஊரைப் பொறுத்தவரை வெண்ட் தவறு செய்தார் என்றே எனக்குப் படுகிறது. எஜமான்களுக்கு வீதியில் ஆலயம் இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் மரத்தடியில் கூடினால் போதும் என்று சொல்வது, தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய பேச்சு. ஞானஸ்நானம் பெற்ற பலரை உறவினர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அவர்களுக்கு வேதம் மட்டும் போதாது, பள்ளிக்கூடமும் பிழைப்பும், போய் நிற்க நான்கு சுவரும் வேண்டியிருந்தன. கோபன்ஹேகனிலிருந்து பார்த்தால் அந்தச் சுவர் ஆடம்பரமாகத் தெரிந்திருக்கும்.

கடிதங்கள் சீகன்பால்கின் மனதை உடைத்தன. ஏற்கெனவே உடம்பு சரியில்லை. பிரதிஷ்டை நடந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1719 பிப்ரவரி 23-இல் இறந்துபோனார். வயது 36. அவர் கட்டிய ஆலயத்திலேயே, பலிபீடத்தின் ஒரு பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அவரோடு உழைத்த குருண்ட்லர் அடுத்த வருடம் இறந்தார். அவரை மறுபக்கத்தில் அடக்கம் செய்தார்கள். இன்றைக்கும் நற்கருணை வாங்கப் போகிற சபையார் இந்த இரண்டு கல்லறைகளுக்கு நடுவில்தான் போகிறார்கள்.

இந்த இடத்தோடு பெரும்பாலான கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. அப்புறம் நடந்ததுதான் நமக்கு அதிகம் சொந்தமானது.

ஆலயம் தமிழர்களுடையது என்றாகிவிட்டது. எந்தத் தமிழர்களுடையது? வேளாளர் முதலான சாதியார் ஒரு பக்கம், பறையர் சமூகத்தார் ஒரு பக்கம் என்று உள்ளேயே தனித்தனியாக உட்கார்ந்தார்கள். இதை மிஷனரிகளின் கடிதங்களே பதிவு செய்திருக்கின்றன. நடுவில் இடைவெளி விட்டு உட்காரும் வழக்கம் இருந்தது. சிலுவை வடிவத் தரையில் நான்கு கைகள் இருப்பது, ஆட்களைப் பிரித்து உட்கார வைப்பதற்கு எவ்வளவு தோதாக இருந்திருக்கும் என்று அங்கே நின்று பார்க்கிறவர்களுக்குப் புரியும். டேனியரிடமிருந்து தனியாகப் பிரிந்து வந்து கட்டிய ஆலயத்துக்குள், இன்னொரு பிரிவினையும் சேர்ந்தே வந்து உட்கார்ந்துவிட்டது.

இதன் உச்சம் 1733. முதல் தமிழ் போதகரை அபிஷேகம் செய்ய வேண்டிய நேரம். மிஷனரிகளின் யோசனையில் இருந்தவர்களில் இருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் ஆரோன். கடலூரில் பிறந்தவர், பூர்வப் பெயர் ஆறுமுகம், வேளாளர் குடும்பம், சீகன்பால்கின் கையாலேயே 1718-இல் ஞானஸ்நானம் பெற்றவர். இன்னொருவர் இராஜநாயக்கன். தஞ்சாவூர்ப் படையில் சேவகர், பறையர் சமூகத்தவர், முன்பு கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாடு அவர் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்துத் தாமாகவே இந்தச் சபைக்கு வந்தவர். அப்புறம் படை வேலையை விட்டுவிட்டு உபதேசியாராகத் தஞ்சைப் பகுதியில் உழைத்தார். எதிர்ப்பும் அடியும் வாங்கிக்கொண்டே உழைத்தார்.

அந்த அச்சகம், அந்தக் காகிதம், அந்த ஈய எழுத்து எல்லாவற்றுக்கும் பலன் என்று யாரையாவது கை காட்ட வேண்டுமென்றால் இராஜநாயக்கனைத்தான் காட்ட வேண்டும். அவருடைய தகுதியில் மிஷனரிகளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் கையால் நற்கருணை கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வாங்கத் தயங்குவார்கள், நற்கருணையின் மேல் உள்ள மதிப்பே குறைந்துவிடும் என்று பயந்தார்கள். 1733 டிசம்பர் 28-இல் ஆரோன் போதகரானார். இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து 1771-இல் இறந்தார்.

ஆரோன் நல்ல ஊழியர், 1745-இல் இறக்கும்வரை மாயவரம் பக்கமெல்லாம் நடந்தே உழைத்தவர். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. குறை, பயந்து முடிவெடுத்தவர்கள் மேல்தான். கம்பெனி ஆளுநரைப் பார்த்துப் பயப்படாமல் சிறைக்குப் போன சீகன்பால்கின் வாரிசுகள், தங்கள் சபையின் முன்வரிசைக்குப் பயந்தார்கள். இந்த ஆலயத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இது.

அந்தப் பயம் நூறு வருடம் கழித்தும் தீரவில்லை. ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் ஆலயத்துக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் சாதியை விட மனமில்லாத பலர் அந்தச் சபையை விட்டே போனார்கள். பிறகு ஜெர்மனியிலிருந்து லைப்சிக் மிஷன் என்ற லுத்தரன் அமைப்பு வந்ததும், அவர்களில் ஒரு பகுதியினர் லுத்தரன் சபையில் வந்து சேர்ந்தார்கள். சாதி விஷயத்தில் லைப்சிக் மிஷனரிகள் மென்மையாக நடந்துகொண்டது ஒரு காரணம். லுத்தரன் சபையார் இதைப் பேசத் தயங்கக் கூடாது. பேசுவதால் ஆலயத்தின் மதிப்பு குறையாது.

நல்லதையும் சொல்ல வேண்டும். 1750-இல் வந்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ், வந்த நான்கே மாதத்தில் தமிழில் முதல் பிரசங்கம் செய்தது இங்கேதான். ஜெர்மன் ராகத்துக்குத் தமிழ்ச் சொல் போட்ட ஞானப்பாட்டுகள் இந்தச் சபையில் பாடிப் பாடித்தான் நாடெங்கும் போயின. தரங்கம்பாடியில் படித்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள், அந்த ஜெர்மன் ராகத்துக்குப் பக்கத்தில் நம் ராக தாளத்தையும் கொண்டுவந்து வைத்தன. இன்றைக்கும் லுத்தரன் ஆராதனையில் ஞானப்பாட்டு ஒன்று, கீர்த்தனை ஒன்று என்று மாறி மாறி வரும். அதே சாஸ்திரியார் சபைக்குள் சாதி வழக்கம் தொடர வேண்டும் என்று வாதாடியவர் என்பதும் உண்மை.

1845-இல் டேனியர் போனார்கள். 1847-இல் மிஷன் சொத்துகள் லைப்சிக் மிஷன் கைக்கு வந்தன. முதல் உலகப்போரில் ஜெர்மானியர் வெளியேற வேண்டியதாயிற்று, சுவீடன் மிஷன் பொறுப்பேற்றது. 1919-இல் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. அதன் தலைமையகம் திருச்சியில் இருக்கிறது, ஆனால் பேராயரின் பட்டம் இன்றுவரை "தரங்கைப் பேராயர்"தான். எதிரே இருக்கும் சீயோன் இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயம். அங்கேயும் தமிழில்தான் ஆராதனை நடக்கிறது. 1718-இல் வீதியின் இரண்டு பக்கமும் இரண்டு மொழி கேட்டது, இன்று இரண்டு பக்கமும் ஒரே மொழி.

கட்டடம் எப்படி 300 வருடம் தாங்கியது என்பது தனிக் கேள்வி. என் பதிலில் பாதி, ஊரின் நலிவு. ஆங்கிலேயர் வாங்கிய பிறகு தரங்கம்பாடித் துறைமுகம் படுத்துவிட்டது. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் இருந்த வியாபாரமும் அங்கே போய்விட்டது. பணம் புழங்கும் ஊரில் பழைய ஆலயத்தை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டியிருப்பார்கள். இங்கே அதற்கான அவசியமும் வரவில்லை, வசதியும் இல்லை. மீதிப் பாதி, ஞாயிறு தவறாமல் கதவு திறந்தது. ஆள் புழங்கும் கட்டடத்தில் ஓட்டை விழுந்தால் அடுத்த வாரமே யாராவது பார்த்துவிடுவார்கள்.

கடல் மட்டும் விடவில்லை. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. கோட்டையின் கடல்பக்க மதிலும் போய்விட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மீனவர் குடியிருப்பு நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்தது. அந்த ஊர்க்காரர்களிடம் 2004 என்று சொன்னால் பேச்சு நின்றுவிடும். ஆலயமும் பாதிக்கப்பட்டது. சீகன்பால்க் வந்த 300-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டிப் புதுப்பித்து, 2006-இல் மறுபிரதிஷ்டை செய்தார்கள்.

பழுதுபார்ப்பதைப் பற்றி ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோரத்துப் பழைய ஆலயங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். செங்கல் சுவர் தரையிலிருந்து ஓதத்தை உறிஞ்சும். கடலோரத்தில் அந்த ஈரத்தில் உப்பும் கலந்திருக்கும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும் பூச்சு. ஈரம் அதன் வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். உப்பு மேலே வெள்ளையாகப் பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். பூச்சு பொரிந்தால் அந்தப் பூச்சை மட்டும் செதுக்கிவிட்டு மறுபடி பூசலாம். செங்கல் தப்பித்துவிடும். இதே சுவரில் சிமெண்ட் பூசினால் பார்க்கப் புதுசாக, வழுவழுவென்று இருக்கும். ஆனால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். உப்பு பூச்சுக்குப் பின்னால் உறைந்து செங்கல்லை அரிக்கும். நாலைந்து வருடத்தில் சிமெண்ட் பாளம் பாளமாக விழும்போது, அதோடு செங்கல்லின் முகமும் சேர்ந்து பொடியாக வந்துவிடும். சுவரின் கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்று அர்த்தம்.

சுண்ணாம்பு வேலை பொறுமை கேட்கும். நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்து, சலித்த மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு, பதம் பார்த்துப் பூசி, பூசிய பிறகும் நாள்கணக்கில் நனைத்துத் தேய்க்க வேண்டும். அந்தப் பதம் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். சபைக் கமிட்டி ஒன்றுக்கு இரண்டு விலைப்பட்டியல் வந்தால் சிமெண்ட்காரருடையதுதான் குறைவாக இருக்கும். ஐந்து வருடக் கணக்குப் போட்டால் சிமெண்ட் லாபம். ஐம்பது வருடக் கணக்குப் போட்டால் பெரிய நஷ்டம். பழைய ஆலயத்துக்கு ஐம்பது வருடக் கணக்குதான் போட வேண்டும்.

இந்த ஆய்வின் முடிவில் எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. ஒன்று, அடுத்த முறை சாரம் கட்டும்போது என்ன கலவை, என்ன விகிதம், எந்தச் சுவரில் எப்போது பூசியது என்பதை ஆலயப் பதிவேட்டில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் பதிவேடு வைத்துப் பழகிய சபைக்கு இது பெரிய வேலையல்ல.

இரண்டாவது, ஆலயத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு மன்னரின் பெயரும் சீகன்பால்கின் பெயரும் எளிதில் தெரிந்துவிடுகின்றன. முகப்பும் கல்லறையும் அதைச் சொல்லிவிடும். அங்கேயே ஒரு பலகையில் தமிழில் ஆரோன் பெயரையும், அவர் பெயருக்குச் சமமான அளவில் இராஜநாயக்கன் பெயரையும், 1733-இல் என்ன நடந்தது என்பதையும் எழுதி, பலிபீடத்துக்குப் போகும் வழியில், நற்கருணைக்கு வரிசையில் நிற்கிறவர் கண்ணில் படும்படி வையுங்கள்.